நாய் காணாமல் போவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டிய அடையாளங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு முழு வழிகாட்டி

தீபாவளிக்கு வெடி கொளுத்தி முடிந்த அடுத்த நாள் பேஸ்புக்கைத் திறந்தால் "எங்கள் நாயைக் காணவில்லை" என்ற பதிவுகள் வரிசையாக வரும். படத்தைப் பார்த்தால் ஒரு சிவலை நாய், ஒரு காது பாதி மடிந்திருக்கும், வால் சுருண்டிருக்கும், பெயர் ஜிம்மி. ஆரையம்பதியில் இருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும் அந்த விவரத்துக்குப் பொருந்துகிற நாய் ஒவ்வொரு ஒழுங்கையிலும் நிற்கும். அந்தப் பதிவை நூறு பேர் பகிர்ந்தாலும் தெருவில் நாயைப் பார்க்கிற ஆளுக்கு அது உங்கள் நாய் என்று தெரிய வழியே இல்லை. நாய் ஓடிய பிறகு தேடுவது பாதி வேலைதான், மீதிப் பாதியை அது வளவுக்குள் படுத்திருக்கும்போதே செய்து வைக்க வேண்டும்.

இதில் இரண்டு வேறு வேறு கேள்விகள் இருக்கின்றன. நாயைப் பார்க்கிறவர் உங்களை எப்படித் தொடர்பு கொள்வார் என்பது ஒன்று. அது உங்கள் நாய்தான் என்று எப்படிக் காட்டுவீர்கள் என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. நிறையப் பேர் தோலுக்குக் கீழே ஏற்றுகிற மைக்ரோசிப்பில் இருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள், நான் அதைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன், காரணம் போகப் போக விளங்கும்.

முதல் வேலை: எட்ட நின்றே வாசிக்கக்கூடிய போன் இலக்கம்

எங்கள் பக்கத்தில் தெரியாத நாயின் கிட்டப் போக ஆட்கள் பயப்படுவார்கள், அந்தப் பயம் நியாயமானது. விசர் நோய்க்கு அறிகுறி வந்த பிறகு வைத்தியம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் மார்க்க ரீதியான சுத்தம் கருதி நாயைத் தொடாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். அதே ஆட்கள் ஒரு இலக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் போன் எடுத்துச் சொல்லத் தயங்க மாட்டார்கள். நாயைப் பிடித்து, கழுத்தைத் திருப்பி, சின்னத் தகட்டில் இருக்கும் சின்ன எழுத்தை வாசி என்று அவர்களிடம் கேட்பதுதான் பிழை. இலக்கம் கழுத்துப் பெல்ட்டிலேயே பெரிதாக இருக்க வேண்டும்.

செய்கிற விதம் இதுதான். ஒரு அங்குல அகலமான நைலோன் கழுத்துப்பட்டி வாங்குங்கள், மஞ்சள் அல்லது வெள்ளை நிறத்தில். பாடசாலைப் பையிலும் சீருடையிலும் பெயர் தைத்துக் கொடுக்கிற தையல் கடையில் கொடுத்து, உங்கள் போன் இலக்கத்தைக் கறுப்பு நூலால் எம்பிராய்டரி செய்யச் சொல்லுங்கள். இலக்கம் ஒவ்வொன்றும் இரண்டு சென்ரிமீற்றர் உயரம் வந்தால் பத்து இலக்கத்துக்கும் ஏறக்குறைய 20 முதல் 25 சென்ரிமீற்றர் நீளம் போகும், நடுத்தர ஊர் நாயின் கழுத்துச் சுற்றளவுக்குள் அது அடங்கிவிடும். மூன்று, மூன்று, நான்கு என்று இடைவெளி விட்டுத் தைத்தால் கொஞ்சம் எட்ட நின்றும் வாசிக்கலாம். மார்க்கர் பேனையால் எழுதினால் எங்கள் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் சீக்கிரம் வெளுத்துவிடும். அவசரத்துக்கு மட்டும் அது சரி.

தைக்கிறவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள், இலக்கம் கொக்கிக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் வர வேண்டும். கொக்கியும் வளையமும் பாரமானவை, அதனால் எப்போதும் தொண்டைப் பக்கம் கீழே தொங்கும். அப்போது இலக்கம் தானாகவே பிடரிக்கு மேலே வந்து நிற்கும், நாய் படுத்துக் கிடந்தாலும் தெரியும்.

பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். குட்டி என்றால் வாரம் ஒரு தடவை விரலை விட்டுப் பாருங்கள், வளர வளரப் பட்டி இறுகித் தோலுக்குள் புதைந்து புண்ணான குட்டிகளை மிருக வைத்தியர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். முட்கம்பி வேலிக்குள்ளால் நுழைந்து திரிகிற நாய்க்கு, பலமாக இழுபட்டால் கழன்றுவிடுகிற கொக்கி நல்லது. பெல்ட் போனால் இன்னொன்று வாங்கலாம்.

இப்படி ஒரு பட்டி இருந்தால் வரக்கூடிய அழைப்பு எப்படி இருக்கும் தெரியுமா?

"தம்பி, உங்கட நாயா இது? எங்கட கடப்படியில படுத்துக் கிடக்கு. பெல்ட்டுல இந்த நம்பர்தான் கிடக்கு."

"ஓம் மாமி, எங்கடதான். நீங்க எந்த இடம்?"

"கிரான்குளம். கிட்டப் போகப் பயமாக் கிடக்கு மனே, கெதியா வாங்க."

அந்த மாமி நாயைத் தொடவில்லை, பிடிக்கவில்லை, கட்டவும் இல்லை. அவ்வளவு உதவியை மட்டும்தான் ஊரில் முகம் தெரியாத ஒருவரிடம் எதிர்பார்க்கலாம், அவ்வளவே போதும்.

இரண்டாவது: தகடு

பெல்ட்டில் தைத்த இலக்கம் இருந்தாலும் ஒரு தகடும் வேண்டும், ஏனென்றால் நூல் ஒருநாள் அறும். திறப்பு வெட்டுகிற கடையிலோ றப்பர் சீல் செய்கிற கடையிலோ கேட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் வெட்டித் தருவார்கள், நகை வேலை செய்கிற பத்தரும் செய்வார். இரும்பு வேண்டாம், கடற்கரைப் பக்கம் ஒரு மாரி தாங்காது. பித்தளை பச்சை பிடிக்கும், ஆனாலும் ஆழமாக வெட்டினால் தேய்த்து வாசிக்கலாம். தொங்குகிற தகட்டைவிட, பட்டியோடு சேர்த்து இரண்டு பக்கமும் ஆணி அறைந்து ஒட்டப்பட்ட தகடு நீண்ட நாள் இருக்கும். திறப்புக் கோர்க்கிற வளையம் தேய்ந்து விரிந்துதான் பெரும்பாலான தகடுகள் தொலைகின்றன.

தகட்டில் இரண்டு போன் இலக்கம் போடுங்கள். ஒன்று உங்களுடையது, மற்றது எந்த நேரமும் போனை எடுக்கிற ஒருவருடையது. நீங்கள் வயலில் நிற்கும்போது சிக்னல் இல்லாமல் இருக்கலாம், ஓட்டம் பிடித்த நாய் உங்களுக்கு வசதியான நேரத்தில் பிடிபடாது. நாயின் பெயரைத் தகட்டில் போடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வருகிற நாயைத் திருடுவது லேசு, அதோடு பெயர் பின்னால் ஒரு சாட்சியாகவும் உதவும். நாய்க்கு வலிப்பு மாதிரி வருத்தம் இருந்தால் "மருந்து தேவை" என்று ஒரு சொல் போடுங்கள். அம்பாறை நகரம், உகணைப் பக்கம் இருப்பவர்கள் அதைச் சிங்களத்திலும் போடுவது நல்லது. இலக்கத்துக்கு மொழி கிடையாது என்பதால் மற்றதெல்லாம் சுருக்கமாக இருந்தால் போதும்.

கியூஆர் தகடு இப்போது கிடைக்கிறது. ஆனால் அதை ஸ்கேன் செய்ய நாயின் கழுத்துக்குப் பக்கத்தில் போனைப் பிடிக்க வேண்டும், டேட்டாவும் வேண்டும். மேலதிகமாக வைத்துக்கொள்ளலாம், இலக்கத்துக்குப் பதிலாக வேண்டாம்.

மூன்றாவது: படங்களும் விவரத் தாளும்

பெரும்பாலானவர்களின் போனில் இருக்கும் நாய்ப் படங்கள், முகத்தைக் கிட்டப் பிடித்து எடுத்தவை. பார்க்க அழகு, தேட உதவாது. காலை ஏழு எட்டு மணிக்கு, நிழலில் நாயை நிற்க வைத்து, நீங்கள் குந்தி இருந்து அதன் உயரத்துக்கே போனைப் பிடித்து எடுங்கள். இடது பக்கம் முழு உடம்பு, வலது பக்கம் முழு உடம்பு, நேர் முகம், பின்பக்கம். கறுப்பு நாயை நேர் வெயிலில் எடுத்தால் ஒரு கறுப்பு உருவம்தான் விழும், ஒரு அடையாளமும் தெரியாது. நீங்களும் நாயும் ஒரே படத்தில் இருப்பது போலவும் சிலது வேண்டும், குட்டியாக இருந்த காலத்துப் படங்களை அழிக்கவே வேண்டாம். "இது என் நாய்" என்று இரண்டு பேர் நிற்கும்போது, குட்டியில் இருந்து வளர்ந்த வரிசை ஒருவரிடம்தான் இருக்கும்.

அப்புறம் தனித்த அடையாளங்கள். இதை அவசரப்படாமல் செய்யுங்கள், ஊர் நாய்க்கு இதுதான் உயிர். நிறத்தைச் சொல்லி ஊர் நாயைப் பிரித்துக் காட்ட முடியாது. வால் சுருளும் பக்கம் இடதா வலதா என்று பாருங்கள். நாக்கில் கறுப்பு மறு இருக்கிறதா? பின்காலில் நிலத்தில் படாத மேல் விரல் இருக்கிறதா, ஒரு காலில் மட்டுமா இரண்டிலுமா? நகங்களில் எது வெள்ளை, எது கறுப்பு? முன்காலில் இருக்கும் வெள்ளை எந்த விரல் வரைக்கும் ஏறியிருக்கிறது? மாட்டுக்குச் சுழி பார்க்கிற ஆட்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், நாயின் நெஞ்சிலும் தொடையின் பின்பக்கத்திலும் மயிர்ச்சுழி இருக்கும், அது மாறாது. உடைந்த பல், பழைய கடித் தழும்பு, காது நுனியில் இல்லாத துண்டு, எல்லாவற்றையும் கிட்டப் பிடித்து எடுங்கள்.

மூக்கையும் எடுங்கள். நாயின் மூக்கு நுனியில் இருக்கும் வரிகள் ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் ஒத்துப்போகாது. கனடாவின் நாய் வளர்ப்போர் கழகம் 1938 முதல் மூக்கு அச்சை அடையாளமாக ஏற்று வருகிறது. மை பூசி அச்செடுக்கத் தேவையில்லை, மூக்கின் ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டுப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு தெளிவான படம் எடுத்தால் போதும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: கடுவனா பெட்டையா, கருத்தடை செய்ததா, வயது, தோள் வரை உயரம், எதற்குப் பயம், எந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கும். தாளையும் படங்களையும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிற ஒரு சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் பார்த்த கரை இது, வீட்டுக்குள் மட்டும் இருக்கிற படம் வீட்டோடு போய்விடும்.

நான்காவது: ஊசி அட்டையும் பதிவும்

விசர் நாய்த் தடுப்பூசி போடும்போது தருகிற அட்டையை நிறைய வீடுகளில் எங்கே வைத்தோம் என்றே தெரியாது. அதுதான் உங்கள் பெயரும் நாயின் விவரமும் ஒன்றாக இருக்கிற தாள். ஊசி போடும்போது "பிரவுண் நாய்" என்று மட்டும் எழுதினால் விடாதீர்கள், பால், வயது, ஒரு தனித்த அடையாளம், சிப் இருந்தால் அதன் இலக்கம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பிறகு அட்டையைப் படமெடுத்து வையுங்கள். ஓடிப்போன உங்கள் நாய் யாரையாவது கடித்தால் இந்த அட்டையின் அருமை அப்போதுதான் தெரியும். கடித்த நாயை 10 நாள் உயிரோடு வைத்துக் கவனிப்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை. நாய் யாருடையது, ஊசி போட்டதா என்று தெரிந்தால் கடிபட்டவருக்கும் வைத்தியருக்கும் முடிவெடுப்பது இலகு. அதற்காகக் கடிபட்டவர் வீட்டில் காத்திருக்கக் கூடாது, காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாயைப் பதிய வேண்டும் என்பது புதிய விசயம் அல்ல, இலங்கையில் 1901ஆம் ஆண்டிலேயே நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ போய்க் கேளுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் நாயைத் தெரிந்திருப்பது நல்லது.

ஐந்தாவது: மைக்ரோசிப்

அரிசி அளவான ஒரு கண்ணாடிக் குழாய், ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் நீளம், 2 மில்லிமீற்றர் தடிப்பு. இரண்டு தோள்பட்டைக்கும் இடையில் தோலுக்குக் கீழே ஊசியால் ஏற்றுவார்கள், மயக்க மருந்து தேவையில்லை. உள்ளே பற்றறி கிடையாது. ஸ்கேனரைச் சில சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்தால் மட்டும் அது தன் 15 இலக்கத்தைக் காட்டும். நாய் எங்கே நிற்கிறது என்று அது சொல்லாது. சிப் போட்டால் போனில் நாயைப் பார்க்கலாம் என்று நம்பிக்கொண்டு இருக்கிறவர்களை இன்னும் சந்திக்கிறேன், அது வேறு கருவி.

சிப்பின் பலம் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது கேள்வியில், அதாவது அது உங்கள் நாய்தான் என்று காட்டுவதில், இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றி வீசலாம், மயிருக்குச் சாயம் பூசலாம், இதை லேசில் கழற்ற முடியாது. வம்பு வழக்கு என்று வந்தால் இதைவிட நல்ல சாட்சி இல்லை. நாயோடு வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்துக்கு உட்பட்ட சிப்பைத்தான் போட வேண்டும். ஐரோப்பிய நாடுகளுக்குப் போவதென்றால் சிப் போட்ட பிறகு போட்ட விசர்த் தடுப்பூசியே கணக்கில் வரும், ஒழுங்கு மாறினால் ஊசியைத் திரும்பப் போட வேண்டி வரும்.

போடுவதற்கு முன் மிருக வைத்தியரிடம் மூன்று விசயம் கேளுங்கள்: இந்த இலக்கம் எந்தப் பதிவேட்டில் யார் பெயரில் ஏறும், போன் மாறினால் நான் எப்படித் திருத்துவது, இந்தப் பக்கத்தில் ஸ்கேனர் யாரிடம் இருக்கிறது. உங்கள் பெயரோடு இணைக்கப்படாத சிப் வெறும் இலக்கம்தான். சிப்போடு வருகிற ஸ்டிக்கரை ஊசி அட்டையில் ஒட்டி வையுங்கள். வருடாந்த ஊசிக்குப் போகும்போது ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சிப் சில நாய்களில் தோள், நெஞ்சுப் பக்கம் நகர்ந்துவிடும், அதனால் பிடரியோடு நிறுத்தாமல் உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மற்ற வழிகள், சுருக்கமாக

ஜிபிஎஸ் கருவிக்கு சிம் வேண்டும், சில நாளுக்கு ஒருமுறை சார்ஜ் வேண்டும், சிக்னலும் வேண்டும். வயல் காவலுக்குப் போகிற நாய், அடிக்கடி ஓடுகிற நாய் என்றால் செலவழிக்கலாம். புளூடூத் தகடுகள், எயார்டேக் போன்றவை, பக்கத்தால் பொருத்தமான போன் ஒன்று போனால்தான் இடத்தைக் காட்டும். மட்டக்களப்பு நகரத்துக்குள் பரவாயில்லை, வவுணதீவு வயல் வெளியில் நம்ப முடியாது.

காதின் உள்பக்கம் பச்சை குத்துவது சில நாடுகளில் உண்டு, காலம் போக மங்கிவிடும். மாட்டுக்குக் குறி சுட்ட பழக்கத்தில் நாய்க்கும் சுடலாமா என்று யாராவது கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் கத்தியால் காதை வெட்டுவதும் அப்படித்தான். அது கொடுமை, அதனால் வருகிற புண்ணில் புழு பிடித்து நாய் சாகவும் கூடும். கருத்தடை ஆனதைக் காட்ட, அதைச் செய்யும்போது மயக்கத்தில் வைத்தியர் இடுகிற சின்னக் காது வெட்டு வேறு விசயம். கருத்தடையே ஒரு பாதுகாப்புத்தான், பெட்டை தேடி ஊர் ஊராகப் போகிற கடுவன்கள்தான் அதிகம் தொலைகின்றன.

நாய் ஓடிவிட்டால்

முதல் மணித்தியாலத்தில் பேஸ்புக்கில் இருக்காதீர்கள், காலால் நடங்கள். வெடிச் சத்தத்துக்கு ஓடிய நாய் பெரும்பாலும் பக்கத்தில் எங்கோ மதகுக்குக் கீழேயோ பற்றைக்குள்ளேயோ படுத்திருக்கும், கூப்பிட்டாலும் வராது. நிலம் வெளுக்கும் நேரத்திலும் பொழுது படும் நேரத்திலும் தெருவில் சத்தம் குறைவு, அப்போது போங்கள். நீங்கள் உடுத்த பழைய சாரத்தையோ நாய் படுக்கிற சாக்கையோ கடப்படியில் போட்டு வையுங்கள், இரவில் கேற்றைத் திறந்து விடுங்கள்.

அடுத்தது ஆட்களுக்குச் சொல்வது. சுவரொட்டியைவிடப் பெறுமதியானவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் மீன் விற்கிறவர், காலையும் மாலையும் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோக்காரர், இவர்கள் ஒரு நாளில் போகிற ஒழுங்கைகளை நீங்கள் ஒரு கிழமையிலும் பார்த்து முடிக்க மாட்டீர்கள். மீன்காரருக்குப் பின்னால் எல்லா நாயும் வரும், அவருக்குப் புது நாய் உடனே கண்ணில் படும். படமும் இலக்கமும் உள்ள ஒரு சின்னத் துண்டை அவர்கள் கையில் கொடுங்கள். ஓட்டோ நிற்கிற சந்தி, சில்லறைக் கடை, கோயில் வாசல், இறைச்சிக் கடைப் பக்கம் சொல்லுங்கள். வாவியின் அடுத்த கரைக்குப் போயிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் மண்முனைப் பாலத்தடிக் கடைகளிலும், அம்பிளாந்துறை, குறுமண்வெளித் துறைகளில் பாதை என்கிற மிதவைப் படகை ஓட்டுகிறவர்களிடமும் கேளுங்கள். மிருக வைத்திய அலுவலகம், மாநகர சபை அல்லது பிரதேச சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், இந்த மூன்று இடத்துக்கும் நாயின் படத்தோடு சொல்லிவிடுங்கள். களவு போயிருக்கும் என்று நினைத்தால் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள்.

சுவரொட்டியில் ஒரு படம், ஊர், திகதி, பெரிய இலக்கம். கூடவே "துரத்த வேண்டாம், படம் எடுத்து அனுப்புங்கள்" என்ற வரி கட்டாயம். நல்ல மனதோடு பிடிக்கப் போனவர் துரத்தித்தான் நாய் இன்னும் இரண்டு ஊர் தாண்டுகிறது. பொத்துவில், அறுகம்பைப் பக்கம் என்றால் சிங்களமும் ஆங்கிலமும் சேருங்கள்.

எல்லா அடையாளத்தையும் வெளியில் சொல்லிவிடாதீர்கள். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், நாக்கு மறுவோ, வெள்ளை நகமோ. "உங்கள் நாய் என்னிடம் இருக்கு, முதலில் காசு அனுப்புங்கள்" என்று அழைப்பு வந்தால் அந்த அடையாளத்தைப் பற்றிக் கேளுங்கள், வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். உண்மையாக நாயை வைத்திருக்கிறவர் காட்டுவார். நாயைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். எடுக்கப் போகும்போது ஊசி அட்டை, சிப் ஸ்டிக்கர், பழைய படங்கள் கையில் இருக்கட்டும், கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாக்குவாதம் வந்தால் கத்தத் தேவையில்லை, கிராம சேவகரையோ பொலிஸையோ கூப்பிட்டு அவர்கள் முன்னால் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்.

நாய் வீடு வந்ததும் உண்ணி, கடிக்காயம், பாதம் பாருங்கள். வேறு நாயோ நரியோ கடித்த அடையாளம் இருந்தால் ஊசி போட்ட நாயாக இருந்தாலும் மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும், மேலதிக ஊசி தேவைப்படும். பெல்ட்டில் இருக்கிற இலக்கத்துக்கு இன்னொரு போனில் இருந்து அழைத்து, அது இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒட்டிய சுவரொட்டிகளை எல்லாம் கழற்றிவிட்டு, பேஸ்புக் பதிவில் "கிடைத்துவிட்டது" என்று போடுங்கள். மீன்காரருக்கும் பாண்காரருக்கும் நேரில் சொல்லுங்கள், அவர்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.